எட்டாம் நம்பரும் கொல்லைப் புல்லும்

ஜூன் 8, திங்கள்

கொல்லையில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. துணிக்கொடிக்குப் போகிற தடமே தெரியவில்லை. காலையில் ஈரத்துணி வாளியோடு வாசற்படியில் நின்று அம்மா கேட்டாள்: "புல்லு வெட்டுற மெஷின் என்னடா ஆச்சு?" பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்று வாரமாக இதே பதில்தான். அவள் வாளியைக் கை மாற்றிக்கொண்ட விதத்தில் அது தெரிந்தது.

கடைக்குப் போனோமா, கண்ணில் பட்டதை வாங்கினோமா என்று வர என்னால் முடியாது. ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் யுபிஎஸ் பேட்டரி சோதித்துக் கொடுக்கிறவன் நான். லோடு போட்டுப் பார்த்து, எந்த செல் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். சொந்த வீட்டுக்கு ஒரு மட்டமான பேட்டரி வந்தால் மானம் போகும். எக்ஸலில் பதினான்கு மாடல், பதினோரு கட்டம் போட்டிருக்கிறேன். வோல்ட், ஆம்பியர்-அவர், எடை, மோட்டார் பிரஷ் உள்ளதா இல்லாததா, புல்லை அறுக்கிற நைலான் நரம்பு எத்தனை மில்லிமீட்டர், பேட்டரி தனியாகக் கிடைக்குமா... இன்னும் இரண்டு கட்டம் நிரம்பவில்லை.

சாப்பிடும்போது 18 வோல்ட்டும் 20 வோல்ட்டும் ஒன்றுதான் என்று விளக்கினேன். உள்ளே அதே ஐந்து செல்தான். முழுச் சார்ஜில் முதல் கொஞ்ச நேரம் காட்டுவது இருபது, வேலையில் நிற்பது பதினெட்டு. தங்கச்சி கொட்டாவி விட்டாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரை தலையாட்டினார். புரிந்து ஆட்டவில்லை. செருப்புக்கடையில் பத்து வருஷம் ஆட்டின தலை அது.

பெண் பார்க்க வந்த அன்றே என் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்து "எட்டு" என்ற ஆள். அன்றிலிருந்து இந்த நோட்டில் அவர் பெயர் எட்டாம் நம்பர். அவர்கள் வாடகை வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று வந்தார்கள். மூன்றாவது மாதம் நடக்கிறது.

ஜூன் 11, வியாழன்

எட்டாம் நம்பர் குளியலறைக் குழாயில் வாஷர் மாற்றினார். வாஷர். ரப்பர் வளையம். அம்மா இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவது தடவை, குழாயைத் திறந்து மூடியும் காட்டினாள்.

ஜூன் 13, சனி

அம்மா விழுந்துவிட்டாள்.

நான் ஒரு பேங்க் மாடியில் பேட்டரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், போன் பைக்குள். ஆறு தவறிய அழைப்பு. வீட்டுக்கு வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. துணி காயப்போடப் போனவள், புல்லுக்குள் கிடந்த உடைந்த செங்கல்லில் கால் மடங்கி விழுந்திருக்கிறாள். எட்டாம் நம்பர் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாராம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, கூட்டி வந்து படுக்கவைத்து, தலைமாட்டில் தண்ணீர்கூட வைத்தாயிற்று. எலும்பு முறியவில்லை. தசைநார் கிழிந்திருக்கிறது. மூன்று வாரம் காலை ஊன்றக்கூடாது.

தங்கச்சி, "அண்ணா, உன்னை யாரும் குத்தம் சொல்லல" என்றாள்.

குற்றம் சொல்கிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். சொல்லட்டும், தப்பில்லை. இரண்டு கட்டம் நிரம்பவில்லை என்று நான் உட்கார்ந்திருந்தேன், அவள் விழுந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 14, ஞாயிறு

எட்டாம் நம்பர் கடையிலிருந்து ஒரு செருப்பு கொண்டுவந்தார். நல்ல காலுக்கு ஒரு அளவு; வீங்கின காலுக்கு வேறு. மேலே முழுக்கத் திறந்து ஒட்டுகிற பட்டை, கட்டுக்குமேல் இறுக்காமல் உட்கார்கிறது. தரையில் மண்டியிட்டுப் போட்டுவிட்டார். ஒரு விரல் விட்டுப் பார்த்து, "குதிகால்ல இடிக்குதா அத்தை?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வீட்டு இன்வெர்ட்டர் நான் போட்டது. நாலு வருஷமாக ஒரு நாள்கூட விளக்கு அணைந்ததில்லை. அதைப் பார்த்து யாருக்குக் கண் கலங்கியிருக்கிறது? அது ஓடும்வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஜூன் 17, புதன்

மெஷின் வந்துவிட்டது. நான் வாங்கவில்லை.

எட்டாம் நம்பர் வேலை முடிந்து வரும்போது பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். மாடல் எண்ணைப் பார்த்தேன். என் பட்டியலில் பதினான்காவது. கடைசி. பிரஷ் மோட்டார், இரண்டு ஆம்பியர்-அவர் பேட்டரி, 1.6 மில்லிமீட்டர் நரம்பு. பூந்தொட்டி ஓரத்தில் வளர்கிற புல்லுக்கு வேண்டுமானால் சரி.

ஏன் இதை என்று கேட்டேன். கொஞ்சம் வேகமாகத்தான் கேட்டிருப்பேன்.

"அந்தக் கடைக்காரரை ஏழு வருஷமாத் தெரியும் மச்சான். ஒன்பதாம் நம்பர், அகலப் பாதம். மெஷின் கெட்டுப்போனா கொண்டுபோய் அவர் மேஜைமேல வைக்கலாம்ல?"

இதுதான் ஆராய்ச்சி. சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன். தங்கச்சி முறைத்தாள்.

உடனே கொல்லையில் இறங்கிவிட்டார். புல்லடியில் கல், செங்கல் எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார், அதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள், ஏதோ கச்சேரிக்கு வந்த மாதிரி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காவது நிமிஷம் பேட்டரி படுத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை, வெட்டின இடமும் மேடு பள்ளம். "பதினாலு நிமிஷம்" என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் திரும்பவில்லை. அம்மா கையைத் தட்டினாள்.

ஜூன் 20, சனி

கிடைத்துவிட்டது. என் பட்டியலில் முதல் இடத்தில் இருக்கிற மெஷின். பிரஷ் இல்லாத மோட்டார், நாலு ஆம்பியர்-அவர், 2.0 மில்லிமீட்டர் நரம்பு. இந்தக் கொல்லையை ஒரே மூச்சில் வெட்டிவிட்டு வாசலையும் கேட்கும். மூன்றில் ஒரு பங்கு விலையில் ஒரு இணையக் கடையில் போட்டிருக்கிறான். கிடங்கைக் காலி செய்கிறார்களாம்.

நான் ஏமாறுகிற ஆள் இல்லை. பதினோரு கட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எடை கிராம் வரை சரி. நரம்பின் தடிமன் சரி. பேட்டரி பாகத்தின் எண்கூட தயாரிப்பாளர் குறிப்பேட்டோடு ஒத்துப்போகிறது. இவ்வளவு துல்லியமாக எழுதுகிறவன் மெஷின் தெரிந்தவனாகத்தான் இருக்கவேண்டும்.

கார்டு எடுத்துக்கொள்ளவில்லை. "கார்டு வசதி பராமரிப்பில் உள்ளது, நேரடிப் பரிமாற்றம் செய்யவும்" என்று வந்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஒன்பது நிமிஷம்தான் இந்த விலை என்று. அனுப்பிவிட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. ஜூலை 5 அம்மா காலை ஊன்றும் நாள். அன்றைக்குக் கொல்லை முழுக்கச் சுத்தமாக இருக்கும், நான் வெட்டினதாக இருக்கும். எட்டாம் நம்பர் தன் தலையாட்டலை அன்று ஆட்டட்டும்.

ஜூன் 21, ஞாயிறு

எட்டாம் நம்பர் இரண்டாவது பதினான்கு நிமிஷம் வெட்டினார். பாவமாக இருந்தது. பாவம் என்று நினைப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது!

ஜூன் 24, புதன்

பார்சல் கிளம்பிவிட்டதாகச் செய்தி. இடையில் பெய்த மழையில் முதல் நாள் வெட்டின இடம் திரும்ப முளைத்துவிட்டது. நல்லது.

ஜூன் 27, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன். இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தியது. நான் அடுத்த அறையில். கதவு திறந்துதான் இருக்கிறது. அம்மா குரல் கொடுத்தாள்: "மாப்பிள்ளை, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க."

மாப்பிள்ளையை. இன்வெர்ட்டருக்கு!

எட்டாம் நம்பர் வந்து, அந்தப் பெட்டியைத் தொடாமலே, "மச்சான் இருக்காரே அத்தை" என்றார். அது இன்னும் மோசம். அவர் சிபாரிசில் எனக்கு என் இன்வெர்ட்டரா? போய்ப் பார்த்தேன். வயர் முனை தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு வந்தேன். "சரியாப்போச்சா?" என்று அம்மா கேட்டாள், அவரைப் பார்த்து.

எனக்கே தெரிகிறது, சின்னப் புத்தி. அம்மா படுத்திருக்கிறாள், யார் கண்ணில் படுகிறார்களோ அவர்களைக் கூப்பிடுகிறாள். தெரிந்தும் எரிகிறதே, என்ன செய்ய?

ஜூன் 30, செவ்வாய்

பார்சல் எங்கே இருக்கிறது என்று வேலையிடத்தில் பார்த்தேன். கடைசி வரியில், எடை: 0.09 கிலோ.

அந்த மெஷினின் பேட்டரி மட்டுமே முக்கால் கிலோ.

புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்திருப்பான். 0.09 இல்லை, 9.0... ஆனால் பெட்டியோடு சேர்ந்தாலும் ஒன்பது வராது. பக்கத்து மேஜைக்காரன், "என்னப்பா, மூஞ்சி டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 2, வியாழன்

வந்தது. நான் வீட்டில் இல்லாத நேரம். கையெழுத்துப் போட்டு வாங்கினவர் யார்? வேறு யார்.

"மச்சான், உங்க பேருக்கு ஒண்ணு வந்துச்சு. மேஜைமேல வச்சிருக்கேன்" என்றார். உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறக் கவர். பிரிக்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை. செருப்புக்கடைக்காரருக்குப் பெட்டியைத் தூக்கினாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். நைலான் நரம்பு. ஒரு சுருள், பச்சை நிறம், இருபது மீட்டர். மெஷின் இல்லை, சார்ஜர் இல்லை, ஒரு ஸ்குரூகூட இல்லை. மெஷினில் மாட்டவேண்டிய நரம்பு மட்டும். பார்சல் கொடுத்ததாக அவனுக்கு ஒரு ரசீது வேண்டும், அதற்கு இது போதும். வெர்னியர் வைத்து அளந்தேன். ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை, கை தானாக எடுத்தது. 1.6. சொன்னது 2.0. அதிலும் ஏமாற்று.

ஜூலை 3, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன். ஜூன் 20-ஆம் தேதி செய்திருக்க வேண்டியதை எல்லாம் இன்று செய்தேன்.

இணைய முகவரி எப்போது பதிவானது? நான் பணம் அனுப்புவதற்குப் பத்தொன்பது நாள் முன்னால். கருத்துச் சொன்ன நாற்பது பேரும் ஒரே வாரத்தில் எழுதியிருக்கிறார்கள். அதில் ஏழு பேர், புல் வெட்டும் மெஷினைப் பற்றி, "அளவு கச்சிதம், துவைத்தாலும் சாயம் போகவில்லை" என்கிறார்கள். படங்கள், விவரங்கள் எல்லாம் தயாரிப்பாளர் பக்கத்திலிருந்து அப்படியே தூக்கினவை. பின்னே பதினோரு கட்டமும் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? திருடினது முழுசாகத் திருடியிருக்கிறான். தொலைபேசி எண் கிடையாது. முகவரி மட்டும் இருந்தது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடி, அங்கே போன் போட்டேன். பல் ஆஸ்பத்திரி. எடுத்த பெண் நான் முடிப்பதற்குள், "ட்ரில்லிங் மெஷினா, புல்லு மெஷினா?" என்று கேட்டாள். இந்த வாரத்தில் நான் ஒன்பதாவது ஆளாம். "நாங்க பல்லு மட்டும்தான் சார் புடுங்குறோம்" என்றாள்.

வங்கியில் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கார்டில் கொடுத்திருந்தால் மறுத்துப் பார்த்திருக்கலாம், நீங்களாக அனுப்பினதைத் திருப்புவது கஷ்டம் என்றார்கள். போலீஸ் இணையப் பக்கத்திலும் பதிந்தேன்.

மெஷினைப் பதினோரு விதத்தில் சோதித்தேன். விற்கிறவனை ஒரு விதத்திலும் சோதிக்கவில்லை. என் எக்ஸலில் அதற்குக் கட்டமே இல்லை. எட்டாம் நம்பருக்கு இருந்த கட்டம் அது ஒன்றுதான்.

சுருளை மேஜை டிராயரில், பழைய மல்டிமீட்டருக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஜூலை 5, ஞாயிறு

அம்மா எழுந்து நடந்தாள். கொல்லைக் கதவு வரை. ஒரு பக்கம் தங்கச்சி, இன்னொரு பக்கம் அவர். நான் பின்னால், எதற்கும் கை நீட்டிக்கொண்டு. புல் கணுக்காலுக்கு மேல் வந்திருந்தது. மெஷினில் நரம்பு தீர்ந்துவிட்டதாம், கூட வந்தது அவ்வளவுதான், ஒன்பதாம் நம்பர் கடையில் இரண்டு வாரம் கழித்துத்தான் வருமாம். "பரவாயில்ல மாப்பிள்ளை" என்றாள் அம்மா.

என் டிராயரில் இருபது மீட்டர் இருக்கிறது. அதே 1.6. எடுத்துக் கொடுக்கலாம். ஏது என்று கேட்பார்கள். கேட்டால்?

கொடுக்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

எழுத உட்கார்ந்து நேரமாகிறது. சரி, வரிசையாக.

சாயங்காலம் நாலு பேரும் கூடத்தில். தங்கச்சி போனைப் பார்த்து முகம் மலர்ந்து, தையல் மெஷின், மோட்டார் வைத்தது, விலை பாதிக்குப் பாதிகூட இல்லை, இன்னும் பதினோரு நிமிஷம்தான் என்றாள். ஒரு வருஷமாக இதற்குச் சேர்த்துவைத்திருக்கிறாள், வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கவேண்டும் என்று. அவரிடம் போனை நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. மச்சானைக் கேளு, அவர் விசாரிக்காம எதுவும் வாங்க மாட்டாரு."

கிண்டலா? முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். நான் எழுதியிருக்கிற இத்தனை பக்கமும் அந்த ஒரு முகத்துக்கு முன்னால்...

போனைப் பார்த்தேன். கடையின் பெயர் வேறு, நிறம் வேறு. பின்னோக்கி ஓடுகிற கடிகாரம் அதே கடிகாரம். கீழே, கார்டு வசதி பராமரிப்பில் உள்ளது. அதே வாக்கியம், அதே எழுத்து.

"இது நல்லால்ல, விடு" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சொன்னேன். தங்கச்சி விடவில்லை. "நீ எதைத்தான் நல்லாருக்குன்னு சொன்ன? உனக்கு மூணு வாரம் வேணும். அதுக்குள்ள ஆஃபர் முடிஞ்சிடும்." விரல் பொத்தான்மேல்.

எழுந்து போய் டிராயரைத் திறந்து சுருளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

"புல்லு வெட்டுற மெஷினுக்கு நான் பணம் கட்டினேன். வந்தது இதுதான்."

அப்புறம் எல்லாம் சொன்னேன். ஏன் வாங்கினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடை எத்தனை நாள் வயசு என்று எங்கே பார்ப்பது, பேசுகிற போன் எண் இருக்கிறதா, கருத்துகளை ஒன்றோடொன்று வைத்துப் படிப்பது, கார்டு வேண்டாம் என்கிறவனிடம் ஏன் எழுந்து வந்துவிட வேண்டும், எல்லாம். தங்கச்சி போனில் அந்தக் கடையின் வயசைப் பார்த்தோம். பன்னிரண்டு நாள். கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்து, திரும்பப் பதினைந்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் தங்கச்சி போனைக் கவிழ்த்துவைத்தாள்.

"எதுக்குடா ரெண்டாவது மெஷின்? அதான் ஒண்ணு இருக்கே" என்றாள் அம்மா.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னை மட்டும். புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வேறெதுவும் கேட்கவில்லை.

அவர் சுருளை எடுத்து, கட்டை விரலால் தோல் பார்க்கிற மாதிரி தடவினார்.

"மச்சான், இது நம்ம மெஷினுக்குச் சேருமா?"

"சேரும்" என்றேன். "ஒண்ணு புள்ளி ஆறு."

ஜூலை 12, ஞாயிறு

நரம்பு சுற்றுவது அவருக்கு வரவில்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றி, ஓடினவுடன் உள்ளே சிக்கிக்கொண்டது. உருளையில் ஒரு அம்புக்குறி இருக்கிறது, அந்தப் பக்கம் இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சுற்றவேண்டும். காட்டினேன். பிரித்து, அவரே திரும்பச் சுற்றினார். இரண்டு கையாலும் மெதுவாக, லேஸ் கோர்க்கிற மாதிரி.

முதல் பேட்டரியில் மாப்பிள்ளை வெட்டினார், கிணற்றுப் பக்கம். பதினான்கு நிமிஷம். சார்ஜ் ஏறும்வரை படியில் உட்கார்ந்திருந்தோம். "ரெண்டாவது பேட்டரி வாங்கினா நாலு ஆம்பியர்ல வாங்குங்க, இதுலயே மாட்டலாம்" என்றேன். ஒன்பதாம் நம்பர் கடைக்கு என்னையும் வரச் சொன்னார். பெட்டியைப் பார்க்க நான், ஆளைப் பார்க்க அவர்.

இரண்டாவது பதினான்கு நிமிஷம் நான், எதிர்ப் பக்கம். மெஷின் தலையை உயர்த்தாமல் ஒரே மட்டத்தில் பிடித்து, நுனியால் மட்டும் அறுத்தேன்.

ஜூலை 14, செவ்வாய்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அம்மா யாரையும் கூப்பிடாமல், அந்தப் பட்டைச் செருப்போடு, தானே வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு இறங்கினாள். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். மாப்பிள்ளை வெட்டின பக்கம் மேடு பள்ளம். என் பக்கம் கம்பளம் மாதிரி இருக்கிறது, அளந்தே சொல்வேன். இரண்டு பக்கமும் கொடி கட்டியிருக்கிறது.

துணியை என் பக்கத்துக் கொடியில் போட்டாள்.

அங்கேதான் வெயில் முதலில் வரும் என்று தங்கச்சி சொல்கிறாள். இருக்கலாம். நான் விசாரிக்கப்போவதில்லை.